ஓடும் வண்டியில் அடுப்படி: நியூசிலாந்தின் தென் தீவில் வாங்குவதும் சமைப்பதும்

தென் தீவைக் கேம்பர்வேனில் சுற்றிவரத் திட்டமிடுகிறவர்கள் எந்த ஏரிக்கரையில் எத்தனை இரவு தங்குவது என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். சாப்பாட்டை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள். கிரைஸ்ட்சர்ச், குயின்ஸ்டவுன் போன்ற ஊர்களில் அப்படிப் பார்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் மில்ஃபோர்ட் சவுண்ட், மவுண்ட் குக் என்று நீங்கள் ஆசைப்பட்டு வந்த இடங்களில் ஒரு தக்காளி வாங்க சூப்பர் மார்க்கெட் கிடையாது. உணவகம் உண்டு, நாலு பேர் குடும்பம் அங்கே மூன்று வேளை சாப்பிட்டால் வண்டி எடுத்ததில் மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் கரைந்துவிடும்.

அதனால் சமையல் பட்டியல் எழுதும் முன் சாலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் என்ன சமைக்கலாம் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தொட்டியில் இருக்கும் தண்ணீர், சிலிண்டரில் இருக்கும் கேஸ், ஃபிரிட்ஜில் இருக்கும் இடம், அடுத்த கடை வரை உள்ள தூரம். இந்த நான்கில் கடைசியை மறப்பவர்கள்தான் அதிகம்.

விமான நிலையத்தில்

நியூசிலாந்து வேளாண்மையையும் கால்நடையையும் நம்பி வாழும் தீவு நாடு. வெளியிலிருந்து ஒரு பழ ஈயோ ஒரு களை விதையோ உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் பயணி அறிவிப்பைப் பூர்த்தி செய்ய வேண்டும். கையில் உணவுப் பொருள் எது இருந்தாலும் ‘ஆம்’ என்று குறியுங்கள். அறிவித்த பொருளை அதிகாரி பார்ப்பார். அனுமதிப்பார் அல்லது எடுத்துக்கொள்வார். அதோடு முடிந்தது. அறிவிக்காமல் கொண்டுபோய் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக் கைப்பையில் மறந்து வைத்திருந்தாலும் இதே கதைதான்.

பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், முருங்கைக்காய், பழங்கள் எதையும் எடுத்துப் போகாதீர்கள். தேனும் கூடாது. பாலில் செய்த இனிப்பு, கருவாடு, இறைச்சி ஊறுகாய் இவற்றால் வரிசையில் நிற்கும் நேரம்தான் கூடும். வீட்டில் அரைத்த பொடியைவிடக் கடையில் வாங்கிய, பிரிக்காத, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பொட்டலம் எளிதில் கடந்துவிடும். உணவுப் பொருள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பெட்டியின் மேலே வையுங்கள். என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் அதிகாரிக்கும் உங்களுக்கும் வேலை குறையும்.

என்னைக் கேட்டால் ஊரிலிருந்து எடுத்துப் போக வேண்டியவை மிகக் குறைவு: பெருங்காயம், ரசப்பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. இவற்றோடு ஒரு சின்ன பிரஷர் குக்கர், இரண்டு அல்லது மூன்று லிட்டர் அளவில். அரிசி, பருப்பு, கடுகு, மிளகாய்த்தூள் எல்லாம் கிரைஸ்ட்சர்ச்சில் உள்ள இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும். கறிவேப்பிலை கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ஐந்து கிலோ பொன்னி அரிசியைச் சுமந்து வருகிறவர்களை விமான நிலையத்தில் பார்க்கத்தான் செய்கிறோம். அந்த எடையில் இரண்டு கம்பளிச் சட்டை கொண்டு வந்திருக்கலாம்.

எந்த வண்டி, எந்த அடுப்பு

வாடகை வண்டிகளில் சமையலறை இரண்டு விதமாக இருக்கும். சின்ன வண்டிகளில் அடுப்பும் சிங்கும் பின்கதவை ஒட்டி இருக்கும். கதவை மேலே தூக்கிவிட்டு வெளியே நின்று சமைக்க வேண்டும். பெரிய வண்டிகளில் உள்ளேயே இரண்டு பர்னர், சிங்க், ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கும், நின்றபடி சமைக்கலாம்.

நம் சமையலுக்கு எது நல்லது? கோடையில், அதாவது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, இருவர் மட்டும் போவதென்றால் பின்கதவு அடுப்பே மேல். தாளிக்கும் புகை மெத்தையில் ஏறாது. குழந்தைகளோடு போனாலோ, குளிர்காலத்தில் போனாலோ, மேற்குக் கரையில் அதிக நாள் தங்குவதானாலோ உள்ளே அடுப்புள்ள வண்டியை எடுங்கள். மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த மழையில் வெளியே நின்று உப்புமா கிளறுவது சுவாரசியமாகத் தோன்றலாம். இரண்டாவது நாள் தோன்றாது.

வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் எங்கே இருக்கிறது, வால்வை எப்படி மூடுவது, நிரப்பித் தருவது யார் பொறுப்பு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, தண்ணீர் எந்தக் குழாய் வழியாக நிரப்புவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பாத்திரப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஒரு சாஸ்பேன், ஒரு தோசைக்கல் அளவு வாணலி, நாலு தட்டு, ஒரு மழுங்கிய கத்தி இருக்கும். கூர்மையான சின்னக் கத்தி ஒன்றும் மூடியுள்ள டப்பாக்கள் சிலவும் வாங்கிவிட்டால் பாதி எரிச்சல் தீர்ந்தது.

முதல் கடை

வண்டியை எடுத்ததும் நேரே போக வேண்டிய இடம் சூப்பர் மார்க்கெட். பாக்ன்சேவ் மஞ்சள் நிறக் கடை. பொதுவாக விலை குறைவு, பொருளை நீங்களே பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நியூ வேர்ல்டும் வூல்வொர்த்ஸும் சற்றுக் கூடுதல் விலையில் கூடுதல் வகைகள் வைத்திருக்கும். வூல்வொர்த்ஸ்தான் முன்பு கவுன்ட்டவுன் என்று இருந்தது. பழைய வழிகாட்டி நூல்களில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஃபோர் ஸ்கொயர் சிற்றூர்க் கடை. அதில் விலை அதிகம், வகை குறைவு. ஆனாலும் போகிற வழியில் நம்மைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான். எனவே பெரிய கொள்முதலைப் பெரிய ஊரில் முடித்துவிட்டு, ஃபோர் ஸ்கொயரில் பால், ரொட்டி, வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெல்லிய பிளாஸ்டிக் பை 2019 ஜூலை முதலும், காய்கறி போடும் பிளாஸ்டிக் பை 2023 ஜூலை முதலும் தடை. ஊரிலிருந்தே இரண்டு துணிப்பை கொண்டுபோங்கள். விலைச் சீட்டில் 15 சதவீத வரியும் சேர்ந்தே இருக்கும். கல்லாவில் கூடுதலாக எதுவும் ஏறாது. கிலோவுக்கு எவ்வளவு என்றும் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மலிவு என்று பெரிய பொட்டலம் எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வண்டியில் அது செல்லாது. திறந்த இரண்டு கிலோ மாவுப் பை வளைவுச் சாலையில் சரிந்தால் கூட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். சில கடைகளில் அரிசி, பருப்பு, முந்திரி, உலர் திராட்சையைத் தொட்டிகளில் வைத்து எடைக்குத் தருவார்கள். வேண்டிய அளவு மட்டும் அள்ளிக்கொள்ளலாம். வண்டிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

முதல் நாள் கூடையில் என்ன இருக்க வேண்டும்? சீக்கிரம் வேகும் பாஸ்மதி அல்லது ஜாஸ்மின் அரிசி, மைசூர்ப் பருப்பு (இலங்கைத் தமிழர் வீட்டில் பருப்பு என்றாலே அதுதான்), ரவை, அவல் கிடைத்தால் அவல். வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் நாலும் ஃபிரிட்ஜே இல்லாமல் ஒரு வாரம் தாங்கும். இங்கே கூமரா என்று விற்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் அப்படித்தான். சில்வர்பீட் என்ற அகன்ற இலைக் கீரையை வாங்கினால் அன்றே கூட்டோ பொரியலோ செய்துவிடுங்கள். கடையிலேயே முட்டை பெரும்பாலும் வெளியே அலமாரியில்தான் இருக்கும். அதற்கு ஃபிரிட்ஜ் இடத்தை வீணாக்க வேண்டாம். சர்க்கரை சேர்க்காத தயிர் ஒரு கிலோ வாளியில் கிடைக்கும். வாங்கும்போது ‘வனிலா’ என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கொத்தமல்லியைச் சின்னத் தொட்டியில் வேரோடு விற்பார்கள். சிங்கின் மூலையில் வைத்து நாளுக்கு ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் ஊர் ஊராக நம்மோடு வரும்.

உறைந்த பட்டாணி ஒரு பை வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் முதல் இரண்டு நாள் பனிக்கட்டி வேலை பார்க்கும். உருகியபின் புலாவில் போட்டுவிடலாம். காகிதத் துண்டுச் சுருள் ஒன்றையும் மறக்க வேண்டாம். அதன் பயனைத் தண்ணீர்க் கணக்கில் சொல்கிறேன்.

விடுமுறை நாட்களைக் கவனியுங்கள். டிசம்பர் 25, புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு ஆகிய நாட்களில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஏப்ரல் 25 அன்சாக் நாளில் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகுதான் திறக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறவர்கள் 23ஆம் தேதியே வாங்கி முடிப்பது நல்லது. 24 மாலை கூட்டத்தில் நல்ல தக்காளி தேடுவது வீண் வேலை.

கடை இல்லாத தூரங்கள்

வரைபடத்தை விரிக்கச் சொன்னது இதற்காகத்தான். வழக்கமான சுற்று கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாப்போ, மவுண்ட் குக், வனாக்கா, குயின்ஸ்டவுன், தி அனாவ், மில்ஃபோர்ட், மீண்டும் வனாக்கா வந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரை, ஹொகிட்டிகா, ஆர்தர்ஸ் பாஸ், திரும்ப கிரைஸ்ட்சர்ச்.

கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாப்போ ஏறத்தாழ 225 கிலோமீட்டர். அங்கே ஒரு ஃபோர் ஸ்கொயர், டுவைசலில் இன்னொன்று. டுவைசலிலிருந்து மவுண்ட் குக் கிராமம் 65 கிலோமீட்டர். போன வழியே திரும்பித்தான் வர வேண்டும். ஆகவே அங்கே இரண்டு இரவு தங்கினால் டுவைசல்தான் கடைசிக் கடை என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

குயின்ஸ்டவுனுக்குப் போனால் ஊர் நடுவில் நிறுத்த இடம் தேடி அலையாமல், விமான நிலையத்தை ஒட்டிய ஃபிராங்க்டன் பகுதிக்குப் போங்கள். பெரிய கடைகள் அங்கேதான். வண்டியை நிறுத்தவும் இடம் தாராளம். அங்கிருந்து தி அனாவ் 170 கிலோமீட்டர். தி அனாவில் சூப்பர் மார்க்கெட் உண்டு. அதைத் தாண்டி மில்ஃபோர்ட் வரை சுமார் 120 கிலோமீட்டர், போக வர 240. இந்தச் சாலையில் உணவு, டீசல், தண்ணீர் மூன்றையும் தி அனாவிலேயே நிரப்பிவிட வேண்டும். பனிச்சரிவு அபாயத்தால் குளிர்காலத்தில் சாலையைத் திடீரென்று மூடுவதும் உண்டு. ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வண்டியில் இருக்கட்டும்.

மேற்குக் கரைதான் உண்மையான சோதனை. வனாக்காவில் நியூ வேர்ல்ட் இருக்கிறது. அங்கிருந்து ஹாஸ்ட் 140 கிலோமீட்டர், ஹாஸ்டிலிருந்து ஃபாக்ஸ் பனியாறு 120. ஹாஸ்டில் சின்னக் கடைதான். வழியில் நீண்ட தூரத்துக்குச் செல்பேசி சிக்னலும் கிடையாது. ‘கூகுளில் கடை தேடலாம்’ என்பது இங்கே நடக்காது. ஃபிரான்ஸ் ஜோசஃபில் ஃபோர் ஸ்கொயர் வரும். அதற்கு அப்பால் 135 கிலோமீட்டர் போனால் ஹொகிட்டிகாவில்தான் அடுத்த பெரிய கடை. வனாக்காவில் வண்டியை நிரப்பும்போது ஹொகிட்டிகா வரை நான்கு நாள் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.

தண்ணீர், கேஸ், குளிர்

தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு வண்டிக்கு வண்டி மாறும். சமையல், பாத்திரம், பல் துலக்கல் எல்லாம் சேர்த்து இருவருக்குச் சிக்கனமாக ஒரு நாளைக்கு 10 முதல் 15 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவும் வழக்கத்தை ஒரு தண்ணீராகக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். கஞ்சி வடிக்கவே வேண்டாம். வடித்தால் அந்தக் கொழகொழப்பு கழிவுநீர்த் தொட்டிக்குப் போய் இரண்டே நாளில் நாறும். சாப்பிட்ட தட்டைக் காகிதத் துண்டால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். எண்ணெயும் தொட்டிக்குள் இறங்காது.

கழுவிய நீரைப் புல்லில் கொட்டாதீர்கள். ஊர்களில் இருக்கும் டம்ப் ஸ்டேஷனில்தான் காலி செய்ய வேண்டும். பெரும்பாலானவை இலவசம். அங்கே இருக்கும் கழுவும் குழாயையும் குடிநீர்க் குழாயையும் பலகை பார்த்துப் பிரித்தறியுங்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள் சிலவற்றில் ஓடைத் தண்ணீர் மட்டுமே இருக்கும். பார்க்கப் பளிங்கு போல இருந்தாலும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி அதில் இருக்கக்கூடும். நன்றாகக் கொதிக்கவிட்டே குடியுங்கள். பணம் கொடுக்காமல் இரவு தங்கும் இடங்களில் பலவற்றில், கழிப்பறையும் தொட்டிகளும் உள்ள, அதற்கான சான்று ஒட்டிய வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. மீறினால் அபராதம் 400 டாலரில் தொடங்குகிறது.

கேஸ் விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் கொஞ்சம் உதவும், கொஞ்சம் கெடுக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் வீட்டுச் சமையலறைக்குக் கதவும் ஜன்னலும் இடமும் உண்டு. வண்டி ஒரு மூடிய பெட்டி. அடுப்பு எரியும்போது கூரை வென்ட்டும் ஒரு ஜன்னலும் திறந்தே இருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்குவது உயிருக்கு உலை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். பிக்டனிலிருந்து வெலிங்டனுக்குக் கப்பலேறும்போது ஊழியர்களும் இதையே கேட்பார்கள்.

மலிவான வண்டிகளில் சிலிண்டருக்குப் பதிலாக 220 கிராம் பியூட்டேன் டப்பா போடும் கையடக்க அடுப்பு தருவார்கள். கோடைக்கு அது போதும். பியூட்டேன் சுமார் மைனஸ் 0.5 டிகிரியில்தான் வாயுவாக மாறும். உறைபனி விழுந்த காலையில் டெகாப்போ ஏரிக்கரையில் அது முனகும், எரியாது. டப்பாவை இரவில் வண்டிக்குள் வைத்துக்கொண்டால் காலையில் காப்பி கிடைக்கும். அடுப்பின் மேலோ வெந்நீரிலோ வைத்துச் சூடாக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

ஃபிரிட்ஜ் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. வண்டி ஓடினால் பேட்டரி ஏறும். ஒரே இடத்தில் மின்சாரமில்லாமல் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கி, தயிர் புளிக்கத் தொடங்கும். அதனால் மூன்று இரவுக்கு ஒரு தடவையாவது மின் இணைப்புள்ள இடத்தில் தங்குங்கள். ரைஸ் குக்கர், மின்கெட்டில் எல்லாம் அங்கே மட்டும்தான். பேட்டரியில் அவற்றை ஓட்ட நினைக்க வேண்டாம்.

வண்டியில் சரிவரும் சமையல்

சுடச்சுட நாலு கறி, சாம்பார், ரசம், அப்பளம் என்ற கனவை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஒரு பாத்திரச் சமையல்தான் இங்கே சரி. இட்லி மாவு கரைத்துப் புளிக்கவைக்கும் முயற்சியும் வேண்டாம். தென் தீவின் இரவுக் குளிரில் மாவு பொங்காது, பொங்கினாலும் அடுத்த வளைவில் வழியும்.

அவல்தான் வண்டியின் ராஜா. நனைத்து வைத்துத் தயிரும் உப்பும் போட்டால் கேஸே தேவையில்லை. எலுமிச்சையும் தாளிப்பும் சேர்த்தால் காலைச் சாப்பாடு. அதற்கு அடுத்த இடம் ரவை உப்புமாவுக்கு. ரவையை முதல் நாளே மொத்தமாக வறுத்து டப்பாவில் போட்டுவிட்டால் பிறகு பத்து நிமிட வேலை. மைசூர்ப் பருப்பு குக்கர் இல்லாமலே கால் மணிக்கு மேல் சற்று நேரத்தில் குழையும். தக்காளி, மஞ்சள், ரசப்பொடி சேர்த்தால் சோற்றுக்கும் ஆகும், குளிருக்குக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கவும் ஆகும். துவரம்பருப்பு கேஸைத் தின்னும்; அதைக் குக்கரில் மட்டும் வையுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா வேண்டுமானால் வேகவைத்த டப்பா வாங்குங்கள்; ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆகும் தண்ணீரையும் கேஸையும் பார்த்தால் டப்பாவே சிக்கனம்.

குக்கரில் சோறு வைக்க ஒரு முறை: ஒரு விசில் வந்ததும் அணைத்து, குக்கரைத் தடித்த துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். மீதி வேலையை உள்ளே இருக்கும் சூடே முடித்துவிடும். விசில் நீராவி வண்டிக் கண்ணாடியில் படிந்து மெத்தை வரை ஈரமாக்கும். கதவோரமாக வைத்தே ஏற்றுங்கள். காலை ஆறு மணிக்கு முகாமில் விசில் அடித்தால் அக்கம்பக்கத்துக் கூடாரங்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாளிப்புதான் பெரிய சிக்கல். கடுகு வெடித்துத் திரைச்சீலையில் ஒட்டும். புகை எச்சரிக்கைக் கருவி கத்தும். பெருங்காய மணம் தலையணையில் தங்கும். வாடை போகவில்லை என்று சுத்தம் செய்யக் கட்டணம் வசூலிக்கும் வாடகை நிறுவனங்கள் உண்டு; ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். இதற்கு நல்ல வழி, ஹாலிடே பார்க் என்ற கட்டண முகாமின் பொதுச் சமையலறையில் மொத்தமாகத் தாளித்துவிடுவது. எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் போட்டுத் தாளித்து, ஆறவைத்து, மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். தயிர்சாதம், உப்புமா, பருப்பு எதிலும் ஒரு கரண்டி விட்டால் போதும். பூண்டோ பச்சை இலையோ அந்தப் பாட்டிலில் போடக் கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் அவை கிடந்தால் போட்யுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உருவாக இடமுண்டு.

மிஞ்சிய சோற்றிலும் கவனம் வேண்டும். சமைத்தபோது சாகாத பாக்டீரியா வித்துகள் வெதுவெதுப்பான சோற்றில் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். சூடான பாத்திரத்தை அப்படியே வைத்தால் சின்ன ஃபிரிட்ஜ் முழுதும் சூடேறும்; தட்டில் பரப்பி ஆறவிட்டு வையுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் தயிர்சாதம் நம்ப முடியாதது. பகல் நடைக்குக் கட்டிக்கொண்டு போகப் புளிசாதம்தான் ஏற்றது.

கிளம்பும் முன் ஒரு சுற்றுப் பாருங்கள்: அடுப்பின் மேல் எதுவும் இருக்கக் கூடாது, அலமாரித் தாழ்கள் விழுந்திருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் கதவு பூட்டியிருக்க வேண்டும், சாம்பார் மூடி போட்ட டப்பாவில் இருக்க வேண்டும். லிண்டிஸ் கணவாயின் வளைவுகள் யாருக்கும் தயவு காட்டாது.

வழியில் வாங்க வேண்டியவை

சிக்கனம் பேசியே வந்தேன். சில இடங்களில் தாராளமாகச் செலவழிக்கத்தான் வேண்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குரோம்வெல் பக்கம் போனால் சாலையோரப் பழக்கடைகளில் செர்ரி குவிந்திருக்கும்; அதைத் தொடர்ந்து ஏப்ரிகாட். கிலோ கணக்கில் வாங்கிச் சாலையோரம் உட்கார்ந்து தின்பதே அங்கே முறை. ஆளில்லாத மேசையில் முட்டையோ எலுமிச்சையோ வைத்து, பக்கத்தில் காசுப் பெட்டி வைத்திருப்பதையும் பார்ப்பீர்கள். சில்லறை கையில் இருக்கட்டும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு டுவைசல் அருகே கால்வாய்களில் வளர்க்கும் சால்மன் புதிதாகக் கிடைக்கிறது. புக்காக்கி ஏரிக்கரையிலும் விற்கிறார்கள். மிளகும் உப்பும் மஞ்சளும் தடவி வாணலியில் போட்டால் அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. டிரவுட் மீனைக் கடையில் தேடாதீர்கள். நியூசிலாந்தில் அதை விற்பதே சட்டப்படி குற்றம். உரிமம் வாங்கிப் பிடித்தால்தான் சாப்பிடலாம். பச்சை உதட்டுச் சிப்பியைப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் உயிரோடு கிலோ கணக்கில் தருவார்கள். கடல் உணவில் மிக மலிவானது அதுதான். மூடி போட்டு ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, மிளகு ரசத்தில் போட்டுப் பாருங்கள். சமைப்பது மட்டும் வெளியே இருக்கட்டும்.

பறவையும் பூச்சியும்

ஆர்தர்ஸ் பாஸிலும் மில்ஃபோர்ட் சாலையின் ஹோமர் சுரங்கத்தருகிலும் கியா என்ற மலைக்கிளி வரும். சாப்பாட்டுப் பையைத் தூக்கும். வண்டியின் ரப்பர் பட்டையையும் பிய்க்கும். அதற்கு உணவு கொடுக்காதீர்கள். மேற்குக் கரையில் சேண்ட்ஃபிளை என்ற கடிக்கும் ஈ பகலெல்லாம் மொய்க்கும், அந்தி நேரத்தில் இன்னும் அதிகம், இருட்டியபின் ஓய்ந்துவிடும். கோடையில் இருட்ட ஒன்பது மணிக்கு மேலாகும் என்பதால் வலைபோட்ட ஜன்னலைத் திறந்து வைத்து உள்ளே சமைப்பதே வழி.

கடைசி நாள்

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய இரவை ஹாலிடே பார்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, சிங்கைத் தேய்த்து, மஞ்சள் கறை ஏதும் இருந்தால் அன்றே துடைத்துவிடலாம். பெரும்பாலான பார்க்குகளின் சமையலறையில் ‘இலவசம்’ என்று எழுதிய ஓர் அலமாரி இருக்கும். ஊர் திரும்புகிறவர்கள் மிச்சமான உப்பு, எண்ணெய், அரிசி, பாஸ்தாவை அதில் விட்டுப் போவார்கள். புதிதாக வந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பயணத்தின் முதல் இரவில் பொருள் வாங்கும் முன் அதைப் பார்ப்பதும் கெட்டிக்காரத்தனம்தான். மிஞ்சிய பருப்பையும் மசாலாவையும் குப்பையில் போடாமல், என்ன பொடி என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டி அங்கே வையுங்கள். பழம் எதையும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். திரும்பும் வழியில் ஆஸ்திரேலியாவில் இறங்கிச் சில நாள் தங்குகிறவர்களுக்கு அங்கேயும் இதே போன்ற அறிவிப்புப் படிவமும் அபராதமும் உண்டு.